கைக்குழந்தையின் மனமும் தாய்க்கு வேண்டிய துணையும்

நம் பத்திரிகையில் பாவு, ஊடை, சாயம், மிளகாய் நாற்று, கடன் தவணை ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதி வருகிறோம். இம்மாதப் பாடத்துக்குக் கைக்குழந்தையின் மனத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டது ஏன் என்று அங்கத்தினர்களில் சிலர் வினவக்கூடும். குழந்தைக்குப் பால் வேண்டும், தடுப்பூசி வேண்டும். பேச்சே வராத சிசுவுக்கு மனம் என்று தனியே ஒன்று உண்டா என்று கேட்போரும் உளர். சில ஆண்டுகளுக்கு முன்பு வரை நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு நெசவாளர் வீடு.

அவ்வீட்டில் இரண்டாவது பெண் குழந்தை பிறந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு முன் சேலைகளைப் பெற்றுவிட வேண்டும் என்ற அவசரத்தில் நாம் அங்குச் சென்றிருந்தோம். தாய் ராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தொட்டிற் கயிறு அவள் கால் விரலில் கட்டப்பட்டிருந்தது. குழந்தை விழித்திருந்தும் அழவில்லை. “சமத்துக் குழந்தை, வேலைக்கு இடைஞ்சலே செய்வதில்லை” என்று மாமியார் கூற, நாமும் ஆமோதித்துப் புகழ்ந்தோம். அக்குழந்தை எவர் முகத்தையும் நோக்கவில்லை என்பதும், தாயும் அதன் முகத்தை நோக்கவில்லை என்பதும் நம் கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை. சேலைகள் குறித்த நாளில் வந்து சேர்ந்தன. மாசி மாதத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையை நிறுத்துப் பார்த்து, எடை ஏறாமை கண்டு, தாயையும் சேயையும் டாக்டரிடம் அனுப்பினார். பிரசவத்துக்குப் பின் அத்தாய் கடுமையான மனச்சோர்வில் ஆழ்ந்திருந்தாள் என்பது அதன் பிறகே தெரிய வந்தது.

பிறந்த சிசு ஒன்றும் அறியாது என்பது பழைய எண்ணம். ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்தில் உள்ளதைப் பிறந்த குழந்தையால் ஓரளவு காண முடியும். மார்பில் அணைத்துப் பாலூட்டும்போது தாய் முகத்துக்கும் சேய் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய அதுவே. குரலையும் அது அறியும். அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இருவர் 1980-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், பிறந்து மூன்று நாட்கூட நிரம்பாத குழந்தைகள், தாயின் குரல் கேட்க வேண்டுமானால் எவ்வாறு சப்ப வேண்டுமோ அவ்வாறு தாம் சப்பும் முறையையே மாற்றிக்கொண்டதைக் காட்டினர். வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே அவை நாடின. கருவில் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரல் அன்றோ! ஆறு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள் குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது. நாம் சிரித்தால் அது சிரிக்கிறது. நாம் ‘ஊம்’ கொட்டினால் அதுவும் ஓர் ஒலி எழுப்பிவிட்டு நம் மறுமொழிக்குக் காத்திருக்கிறது. சொல் இல்லையே தவிர, கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இக்கொடுக்கல் வாங்கல் நின்றுபோனால் என்ன ஆகும்? எட்வர்டு டிரானிக் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தம் துணைவர்களுடன் செய்த சோதனை ஒன்று 1978-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தாய் முதலில் குழந்தையோடு வழக்கம்போல் கொஞ்சி விளையாடுகிறாள். பின்பு சில நிமிஷங்கள், குழந்தையின் எதிரிலேயே இருந்துகொண்டு, முகத்தில் எவ்வித அசைவும் இன்றிச் சும்மா இருக்கிறாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, ஒலி எழுப்புகிறது. தாயின் முகம் மாறாதபோது அமைதி இழந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடல் தளர்ந்துவிடுகிறது. சோதனையில் இது சில நிமிஷங்களில் முடிந்துவிடும். தாய் மீண்டும் கொஞ்சத் தொடங்குவாள். மனச்சோர்வுற்ற தாயின் வீட்டிலோ அது நாட்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கிறது. அழைத்து அழைத்துப் பயன் காணாத குழந்தை பின்னர் அழைப்பதையே குறைத்துக்கொள்கிறது. நாம் ‘சமத்து’ என்று புகழ்ந்தது அதைத்தான். (கைப்பேசித் திரையில் கண் பதித்தபடியே பால் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களிலும் பரவியுள்ளது. அந்த முகமும் குழந்தைக்கு அசையாத முகமே. அதற்காகத் தாய்மார்களை மட்டும் கடிவது முறையன்று; அருகில் அமர்ந்திருக்கும் தந்தையின் கையிலும் அதே கருவிதான் உள்ளது.)

இதைப் படித்துவிட்டு, ஒரு நொடியேனும் முகம் கோணினால் குழந்தை கெட்டுவிடும் என்று எந்தத் தாயும் அஞ்ச வேண்டியதில்லை. நன்றாக வளரும் குழந்தைகளின் வீட்டிலுங்கூடத் தாயும் சேயும் பெரும்பகுதி நேரம் ஒருவர்க்கொருவர் சரியாகப் பொருந்துவதில்லை என்பதையும் டிரானிக்கின் ஆராய்ச்சிகளே கண்டன. குழந்தை பசிக்கு அழும்; தாய் தூக்கம் என்று எண்ணித் தொட்டிலில் இடுவாள்; பின்பு தவறு உணர்ந்து எடுத்துப் பால் கொடுப்பாள். இந்தத் திருத்தமே பெரிது. இழை அறாத தறி உண்டா? அறுந்ததைக் கண்டவுடன் நின்று பிணைக்கும் கை இருந்தால் துணி கெடுவதில்லை என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கெடுவது, அறுந்ததைப் பாராமல் ஓட்டும்போதுதான்.

இத்துறையில் முதலில் உலகின் கவனத்தை ஈர்த்தவர் இங்கிலாந்து நாட்டு மனநல மருத்துவர் ஜான் பௌல்பி ஆவார். இரண்டாம் உலக யுத்தத்தில் வீடிழந்த குழந்தைகளை முன்னிட்டு, உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951-இல் அவர் ஓர் அறிக்கை தந்தார். உணவும் உடையும் குறைவின்றிக் கிடைத்தாலும், தனக்கென்று நிலையான ஒருவரின் அன்பு இல்லாத குழந்தையின் மனவளர்ச்சி குன்றும் என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் நாள்தோறும் பார்க்க அனுமதியாத காலம் அது. அத்தகைய குழந்தை ஒன்றின் துயரத்தை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-இல் திரைப்படமாகவே எடுத்துக் காட்டினார். இன்று நம் அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற குழந்தையோடு தாய் உடன் தங்குவது இயல்பாகத் தோன்றுகிறது. மேல்நாட்டில் அதற்கே இத்தனை பாடுபட வேண்டியிருந்தது.

எனினும் பௌல்பியின் கருத்தைச் சிலர் தாயின் தலையில் சுமத்தப்பட்ட பழியாக்கிவிட்டனர். தாய் ஒரு நிமிஷமும் பிரியலாகாது, வேலைக்குச் செல்லும் தாய் குழந்தைக்குத் தீங்கு செய்கிறாள் என்றெல்லாம் பேசப்பட்டது. உலக சுகாதார நிறுவனமே 1962-இல் அவ்வறிக்கையை மறு ஆய்வு செய்து இன்னொரு நூலை வெளியிட்டது. பௌல்பியுடன் பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த் அம்மையார் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று கைக்குழந்தைகளை மாதக்கணக்கில் கவனித்தார். அங்கே குழந்தைகள் தாயிடம் மட்டுமன்றி, தம்மோடு நெருங்கிப் பழகும் வேறு சிலரிடமும் பற்றுக் கொள்வதைக் கண்டார். பல கைகள் தூக்குவதால் குழந்தைக்குக் கேடில்லை. அக்கைகள் அடிக்கடி மாறாதவையாகவும், குழந்தையின் குறிப்பறிந்து நடப்பவையாகவும் இருத்தல் வேண்டும். இவ்வளவே.

இதை நம் பாட்டிமார் எந்த நூலும் படியாமலே அறிந்திருந்தனர். காலை நீட்டி அமர்ந்து, கால்களின் மீது குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தடவி, உறுப்பு உறுப்பாக நீவி, பேசிக்கொண்டே நீராட்டும் வழக்கத்தில், தீண்டல், முகம், குரல் ஆகிய மூன்றும் ஒரே சமயத்தில் குழந்தைக்குக் கிடைக்கின்றன. (மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதையும் வாயால் ஊதுவதையும் மட்டும் விட்டுவிட வேண்டும்.) சேலைத் தொட்டில் குழந்தைக்குச் சுகமானதுதான், ஆனால் அதனுள் கிடக்கும் குழந்தைக்குத் துணியைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை. தாலாட்டுப் பாடிய காலத்தில் முகம் மறைந்தாலும் குரல் உடனிருந்தது. இப்போது பல வீடுகளில் கயிறு மட்டுமே ஆடுகிறது.

முதற் பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பெற்றவள் அங்கே சில மாதம் பிறர் கையால் உண்டு இளைப்பாறுகிறாள். இரண்டாம், மூன்றாம் பிரசவங்களில் பலருக்கு அந்த ஆதரவு கிட்டுவதில்லை. கணவர் திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். மாமியார் தாமே தறியில் அமர்ந்திருப்பார். மூத்த குழந்தைக்கு மூன்று வயது. பகலெல்லாம் ஒருத்தியே அனைத்தையும் சுமக்கிறாள்.

இந்நிலை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர்கள், கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 350-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்கு முன்னும், பிரசவமாகி 6 முதல் 12 வாரங்களுக்குள்ளும் சந்தித்து ஆராய்ந்தனர். அதன் முடிவு 2002-இல் வெளியாயிற்று. முன்பு சோர்வு இல்லாதிருந்த பெண்களில் நூற்றுக்கு 11 பேருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நோய் புதிதாகத் தோன்றியிருந்தது. காரணங்களாக அவர்கள் கண்டவை யாவை? குறைந்த வருமானம், ஆண் குழந்தையை விரும்பியிருக்கப் பெண் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், வீட்டு வேலைக்குக் கைத்துணை இன்மை. இவற்றுள் பேய்க் காற்றும் இல்லை, கண்ணேறும் இல்லை என்பதை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுகிறோம். நாம் மேலே சொன்ன வீட்டில் இவ்வைந்தில் நான்கு இருந்தன. தீபாவளி அவசரத்தோடு சென்ற நாம் அச்சுமையை மேலும் கூட்டினோம்.

தாயின் சோர்வு குழந்தையின் உடலையும் தாக்கும். கோவாவில் விக்ரம் பட்டேலும் அவர் குழுவினரும் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகள் ஆறு மாதத்தில் எடையிலும் நீளத்திலும் பின்தங்கியிருந்ததோடு, அறிவு வளர்ச்சிச் சோதனையிலும் குறைவாகவே காணப்பட்டனர். ஊட்டமாவு கொடுத்தும் எடை ஏறாத குழந்தையின் வீட்டில், தாயின் முகத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும்.

குறிகளை அறிந்துகொள்ளுதல் நலம். பிரசவமான முதல் வாரத்தில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் இயல்பு. சில நாட்களில் தானே தீரும். இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் ஒடுங்கியிருத்தல், குழந்தை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமை, உணவில் விருப்பின்மை, ‘இக்குழந்தையை நான் வளர்க்கத் தகுதியற்றவள்’ என்ற பேச்சு, குழந்தையைத் தொடவே மனமின்மை ஆகியவை சோர்வு நோயின் குறிகள். இது பேச்சு வழிச் சிகிச்சையாலும், வேண்டுமானால் மருந்தாலும் குணமாகக்கூடியது. இவற்றினும் வேறான ஒன்று உண்டு. பிரசவமான சில நாட்களுக்குள் திடீரென்று தூக்கமே இன்றி, தொடர்பற்றுப் பேசி, இல்லாத குரல்களைக் கேட்பதாகக் கூறினால், அல்லது தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால், அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அதுவரை இருவரையும் தனியே விடலாகாது. அவ்வாறு நோயுற்ற தாயைக் குழந்தையிலிருந்து பிரிக்காமல் ஒருங்கே வைத்துச் சிகிச்சை செய்யும் பிரிவு பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009 முதல் இயங்கி வருகிறது.

நம் மாவட்டத்தில் மனநோய் என்றவுடன் ஏர்வாடியே நினைவுக்கு வருகிறது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அங்குத் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்களாய் 28 பேர் உயிரிழந்தனர். அத்தகைய காப்பகங்கள் அதன்பின் மூடப்பட்டன. ஆயினும் அச்சம் போகவில்லை. ‘சோர்வாக இருக்கிறது’ என்று ஒரு பெண் வாய் திறந்தால், ‘ஏர்வாடிக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்று அவளே அஞ்சுகிறாள். வீட்டாரும் அஞ்சி மறைக்கிறார்கள். இப்போது மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் இருக்கிறார்கள். 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

டாக்டர் ஒருபுறம் இருக்க, அயலாரே பெரும்பகுதி செய்யக்கூடும் என்பதுதான் சங்கத்தார் அறிய வேண்டிய செய்தி. பாகிஸ்தானில் ராவல்பிண்டியை அடுத்த கிராமங்களில், சோர்வுற்ற 900-க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடையே அதிஃப் ரஹ்மான் குழுவினர் நடத்திய ஆராய்ச்சி 2008-இல் வெளியாயிற்று. சாதாரணச் சுகாதாரப் பணிப்பெண்களுக்கே சிறிது பயிற்சி அளித்து, வீட்டுக்குச் சென்று தாயோடு உரையாட வைத்தனர். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அவ்வாறு உதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 23 பேரே சோர்வு நோயில் இருந்தனர்; அத்தகைய பயிற்சி பெறாத பணிப்பெண்கள் சென்ற வீடுகளில் அது 53 ஆக இருந்தது. பின்னர் அம்முறையை அக்கம்பக்கத்துத் தாய்மார்களைக் கொண்டே கோவாவிலும் செய்து பார்த்தனர். பலன் அவ்வளவு பெரிதாக இல்லாவிடினும், சிறிது இருந்தது.

நம் சங்கம் என்ன செய்யலாம்? சட்டத்தைப் பார்த்திருந்து பயனில்லை. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, சம்பளத்தோடு 26 வார விடுப்பு அளித்தது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும் என்றது. வீட்டுத் தறியில் உருப்படிக் கூலிக்கு நெய்பவளுக்கு இவை எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987 முதல் நடந்துவரும் மகப்பேறு உதவித் திட்டத்தின் தொகையை வாங்கித் தருவதில் சங்க எழுத்தர் உதவலாம். அங்கன்வாடிகளில் பகல் முழுதும் விட்டுச் செல்லக் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் இடமில்லை. தில்லியில் கட்டட வேலைப் பெண்களின் குழந்தைகளுக்காக 1969-இல் மீரா மகாதேவன் அம்மையார் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். நூல் கிடங்கை அடுத்து ஓர் அறை ஒதுக்க நம்மால் இயலாதா?

இதனினும் முக்கியமானது நாள் கணக்கு. பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளில் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கும் பெண்கள், பாசி மீண்டும் தழைக்கட்டும் என்று மாதத்தில் 12 நாட்களே எடுப்பதெனத் தமக்குள் கட்டுப்பாடு செய்துகொண்டதை நாம் அறிவோம். படியாத பெண்கள் என்று பலர் எண்ணியிருப்போர் கடலுக்காகச் செய்ததை, நெசவாளர் சங்கம் கைக்குழந்தைக்காகச் செய்ய இயலும். பிரசவமான வீட்டுக்கு மூன்று மாதம் உருப்படிக் கணக்கு இல்லை. அவர்கள் பங்கு பிற தறிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். அக்காலத்துக்குக் கூலி முன்பணம் தந்து, ஓராண்டுத் தவணையில் கழித்துக்கொள்ளப்படும். பண்டிகை இதற்கு விலக்கன்று. கிராமந்தோறும் பெண் அங்கத்தினர் ஒருவர், பிரசவமான வீட்டுக்கு முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை செல்ல வேண்டும். சென்றவர் அறிவுரையைத் தொடங்கலாகாது. முதலில் குடத்தை எடுத்துத் தண்ணீர் கொண்டுவரட்டும். அல்லது மூத்த குழந்தைக்குச் சோறூட்டட்டும். பிறகு, குழந்தையைப் பற்றிக் கேட்கும் முன், ‘நீ தூங்கினாயா, அம்மா?’ என்று தாயைக் கேட்கட்டும்.

தந்தைமாரும் விலக்கல்லர். விசைப்படகில் கடலுக்குச் செல்வோர் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடையால் கரையிலேயே இருக்கின்றனர். வலை பின்னும் நேரம் போக, ஒரு வேளையேனும் குழந்தையை மடியில் வைத்து முகம் பார்த்துப் பேசினால், சேய்க்கு இன்னொரு முகம் பழக்கமாகும். தாய்க்கு ஒரு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். ஆண்பிள்ளைக்கு இது அழகா என்று கேட்பவருக்கு நாம் விடை கூறப்போவதில்லை.

விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. முண்டு மிளகாய்ப் பழம் பறிக்கும் காலத்தில், காந்தும் கையால் குழந்தையைத் தொட அஞ்சி, மாலையிலும் தாய்மார் விலகியிருப்பதைக் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கங்களில் கண்டிருக்கிறோம். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தேய்த்துத் துடைத்துவிட்டு, பின்பு சோப்பிட்டு இரண்டு முறை கழுவி, சேலையும் மாற்றிக்கொண்டால் குழந்தையை எடுக்கலாம்.

நாம் முதலில் கூறிய தாய் ஏறக்குறைய எட்டு மாதச் சிகிச்சைக்குப் பின் தேறினாள். அடுத்த வீட்டு அம்மாள் நாள்தோறும் காலையில் குழந்தையை வாங்கிக்கொண்டு, அவளைத் தூங்க வைத்ததும் அதற்குப் பெரிதும் உதவியதாக டாக்டர் கூறினார். குழந்தை இப்போது நன்றாக அழுகிறது. வேலைக்கு இடைஞ்சலும் செய்கிறது.

உருப்படிக் கணக்கை மூன்று மாதம் நிறுத்தி வைக்கும் யோசனையை வரும் பொதுக்குழுவில் வைக்க எண்ணியுள்ளோம். தீபாவளி ஆர்டருக்கு இதனால் இழப்பு நேரும் என்று கருதும் அங்கத்தினர்கள், எத்தனை தறிகளுக்கு எத்தனை சேலைகள் குறையும் என்ற கணக்கோடு முன்கூட்டி எழுதி அனுப்பினால், கூட்டத்தில் அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.